சௌந்தரராஜன் சாரின் டயர்

சௌந்தரராஜன் சாரை எனக்குப் பிடிக்காது. மறைத்து வைத்துக்கொண்டு எழுதினால் எழுத்தில் பொய் வாடை அடிக்கும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தல்லாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். நான் அவருக்குக் கீழே இளநிலை உதவியாளர், பெயர் திவ்யா. ஆறு வருடமாக அவர் மேஜைக்கு எதிர் மேஜை என்னுடையது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை. யார் எதைச் சொன்னாலும் மூக்கு வழியாக ஒரு காற்று விடுவார். அந்தக் காற்றில் சொன்ன விஷயமும் போய்விடும், சொன்ன ஆள் படித்த படிப்பும் போய்விடும். மனு கொடுக்க வருகிறவர்களுக்கும் அதுதான், கூட வேலை பார்க்கிற எங்களுக்கும் அதுதான். மேலதிகாரி எதிரே நிற்கும்போது மட்டும் மூக்கு அடைத்துக்கொள்ளும். அவர் ஜீப் வாசலைத் தாண்டியதும் திறந்துகொள்ளும்.

சார் மஹால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தவர். இருபத்திரண்டு வயதில் அரசுத் தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து நிரப்பியது அப்பா; கையெழுத்து மட்டும் மகன் போட்டிருக்கிறார். மனைவி கனகலட்சுமி சொந்த மாமன் மகள், சின்ன வயதிலேயே பேசி வைத்தது. விளாங்குடியில் இருக்கும் வீட்டைப் பார்த்து முடித்தது அந்த அம்மாதான். இதையெல்லாம் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது அவரே சொன்னார்.

"யோசிச்சுப் பாத்தா, நானா பொறுக்கி எடுத்ததுன்னு ஒண்ணுமே இல்லம்மா என் வாழ்க்கையில."

குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. இரக்கப்படுவேன் என்று எதிர்பார்த்தார் போல. எனக்கு வரவில்லை. அவர் டப்பாவில் கனகலட்சுமி அம்மா வைத்துவிட்டிருந்த எலுமிச்சைச் சாதம் எதிர் மேஜை வரைக்கும் மணந்தது. அவர் அதைக் கரண்டியால் கிளறி, "கடுகு கருகிருச்சு" என்று சொல்லிவிட்டு ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றார்.

சர்க்கரை வந்ததால் சைக்கிள் வந்தது. டாக்டர் நடக்கச் சொன்னார். காலையில் மைதானத்தைச் சுற்றி நடக்கிறவர்களைக் கண்டால் சாருக்கு ஆகாது. "செக்கு மாடு மாதிரி" என்பார். அதனால் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினார். அவர் மனைவியின் தம்பி ராஜகுரு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு சைக்கிளில் அழகர்கோவில் வரை போய் வருகிறவர். மூன்று ஞாயிறு அவர்களோடு போனார் சார். நான்காவது ஞாயிறு போகவில்லை.

"கோயில் வாசல் வரைக்கும் போறானுக, சாமி கும்புடுறதில்ல. போட்டோ எடுக்குறானுக, பொங்கல் வடை திங்கிறானுக, திரும்பி வந்துர்றானுக. டயரப் பாத்தியா அவனுகளுக்கு? நூலு மாதிரி. மண்ணுல இறக்குனா பத்தடி போகாது."

அவர் சொன்னது உண்மைதான். அந்த நூல் டயர்க்காரர்களோடு சேர்ந்து மூன்று ஞாயிறு இவரும் பொங்கல் தின்றிருக்கிறார் என்பதும் உண்மைதான்.

பிறகு அவர் ஒரு பயணத்துக்குத் திட்டம் போட்டார். மூன்று நாள், இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். விளாங்குடியில் கிளம்பித் திருமங்கலம், கல்லுப்பட்டி. அங்கிருந்து காட்டுப் பாதையில் சேடபட்டி. பிறகு எழுமலை, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி. திரும்பி வரும்போது கால்வாய்க் கரையைப் பிடித்துச் சோழவந்தான் வழியாக வீடு. தார் ரோடு, செம்மண் சரளை, கரிசல், மணல், கருவேல முள் கொட்டிக் கிடக்கும் கரை, எல்லாம் அதில் உண்டு. இத்தனைக்கும் சேர்த்து எந்த டயர் போடுவது என்பதுதான் கேள்வி. அதற்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதமும் அலுவலகத்தில் நாங்கள்தான் அனுபவித்தோம். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த விடுமுறைப் பட்டியல் போய் டயர் படங்கள் வந்தன. கம்ப்யூட்டரில் எந்த நேரமும் யாரோ ஒரு வெள்ளைக்காரர் டயரைக் கையில் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருப்பார். அகலம் அளக்க வெர்னியர் ஒன்று வாங்கினார். என் ஸ்கூட்டி டயரைக்கூட அதை வைத்து அளந்துவிட்டு, "இத நம்பியா பைபாஸ்ல போற?" என்று கேட்டார். முன் சக்கரத்துக்குக் காற்று எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, பை ஏற்றினால் எவ்வளவு என்று ஒரு நோட்டில் கட்டம் போட்டிருந்தார். நாங்கள் கேட்டுத் தலையாட்ட வேண்டும். தலையாட்டினாலும் மூக்குக் காற்றுத்தான்.

ஒரு நாள் சிம்மக்கல்லில் பத்திரம் ஒன்று வாங்கப் போனபோது வழியில் ஆண்டிச்சாமி என்பவரின் சைக்கிள் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஆண்டிச்சாமி ஸ்டூலில் உட்கார்ந்து டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தவர், சார் கேட்டதற்குத் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார்.

"சார், குமிழ் குமிழா ரப்பர் வச்ச பட்டன் டயர் போட்டா ரோட்டுல இழுக்கும். வழுவழுன்னு போட்டா மண்ணுல சறுக்கும். நடுவுல வழுவழுன்னு, ரெண்டு ஓரத்துலயும் பட்டன் வச்சு வருது. அத கொஞ்சம் அகலமா வாங்கிப் போட்டுட்டுப் போங்க."

வெளியே வந்ததும் சார் சொன்னார்: "டியூப் ஒட்டுறவன்கிட்டப் போயிக் கேட்டேன் பாரு."

இது நடந்தது இரண்டாவது மாதத்தில். எட்டாவது மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிரிவில் எல்லோரையும் கூப்பிட்டுப் பிரித்துக் காட்டினார். நாற்பத்தைந்து மில்லி அகலம். நடுவில் வழுவழுப்பு, இரண்டு ஓரத்திலும் பட்டன். டியூப் கிடையாது, உள்ளே வெள்ளையாக ஒரு குழம்பை ஊற்றினால் முள் குத்தின ஓட்டையை அதுவே அடைத்துக்கொள்ளுமாம். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஆண்டிச்சாமியின் நினைவு அவருக்கு வந்ததாகவே தெரியவில்லை.

பயணம் ஆயுத பூஜை விடுமுறையில் என்று முடிவானது. சேடபட்டிக்குத் தெற்கே இருப்பது என் ஊர் என்பதால், கிளம்புவதற்கு முந்தின வாரம் போனில் வரைபடத்தை விரித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"இந்தக் காட்டுப் பாதை எப்படிம்மா? வண்டி போகுமா?"

"வெயில் காலத்துல போகும் சார். இப்ப மழை பேஞ்சிக்கிட்டு இருக்கு. அது கரிசக்காடு. நனைஞ்சா ஒட்டுமண்ணு. நீங்க ரோட்டோட சுத்திப் போயிருங்க, எட்டு கிலோமீட்டர்தான் கூட."

"நாப்பத்தஞ்சு மில்லிம்மா."

"அகலம் கூட இருந்தா இன்னும் கூடத்தான் சார் ஒட்டும்."

மூக்கிலிருந்து காற்று வந்தது. "உலகத்தையே சுத்துறான் இந்த டயர்ல. உங்க ஊருக் காடு என்ன, அத விடவா?"

நான் என் கோப்புக்குத் திரும்பினேன். ஒருவர் சேற்றில் விழப்போகிறார் என்று தெரிந்தும் பேசாமல் இருப்பது சரியா என்று யோசித்தேன். இரண்டு தரம் சொல்லியாகிவிட்டது. மூன்றாம் தரம் சொல்லி அந்த மூக்கைப் பார்க்க எனக்கு மனமில்லை.

விடுமுறைக்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் வெறித்து வெயில் அடித்தது. அன்றைக்குத்தான் அவர் கிளம்பியிருந்தார். மதியம் மூன்று மணிக்குப் போன் வந்தது.

"திவ்யா, ஊர்லயா இருக்க? ஒண்ணுமில்ல. இங்க ஒரு சின்ன இது."

"எங்க சார் நிக்கிறீங்க?"

"பருத்திக்காடு. ரெண்டு பக்கமும் பருத்தி. ஒரு ஒத்தப் பனை தெரியுது."

எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர். நானும் அப்பாவும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தோம். அப்பா பெயர் காளை. ஊரில் டிராக்டர் ஓட்டுகிறவர், பேச்சுக் குறைவு. யார் இவர், ஏன் சைக்கிளில் வருகிறார் என்று வழியில் கேட்டார். சொன்னேன். "வேலையத்த வேலை" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

சார் பாதை நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு காலிலும் ஒரு வாளி அளவுக்கு மண். சைக்கிளைப் பார்த்தால் சைக்கிள் என்று சொல்ல முடியாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிற இடம்தான் இருந்திருக்கிறது. அதற்குள் கரிசல் ஏறி இறுகி, சக்கரம் இம்மிகூடச் சுற்றவில்லை. வைக்கோலும் பருத்தி இலையும் சேர்ந்துகொண்டு சுவர் பூசின மாதிரி இருந்தது. இந்த நிலையில் முந்நூறு அடி இழுத்து வந்திருக்கிறார். தண்ணீர்ப் பாட்டிலில் இருந்த தண்ணீரையெல்லாம் டயர் மேல் ஊற்றித் தீர்த்திருக்கிறார். உதடு காய்ந்து வெடித்திருந்தது.

எங்களைக் கண்டதும் அவர் முதலில் சொன்ன வார்த்தை: "டயர் நல்லா பிடிக்குதும்மா. வழுக்கவே இல்ல."

"சுத்தலயே சார்."

"அது மட்கார்டு பிரச்சினை. டயர் பிரச்சினை இல்ல."

அப்பா குனிந்து ஒரு கருவேலக் குச்சியை ஒடித்து மட்கார்டுக்குள் விட்டு மண்ணைத் தோண்டினார். நான்கு தோண்டு தோண்டிவிட்டு நிமிர்ந்தார். "இது இங்க ஆகாது. தூக்கிருவோம்." முன் சக்கரத்தை அவர் பிடித்தார். பின் சக்கரத்தை நான் பிடித்தேன். சார் பையை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்: களிமண்ணின் குணம், பட்டன்களுக்கு நடுவே இருக்க வேண்டிய இடைவெளி, எந்த நாட்டில் என்ன செய்கிறார்கள். என் தோளில் அவர் பின் சக்கரம். என் வாயில் வந்ததை இங்கே எழுத முடியாது.

வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். சோலையம்மாள் என்று பெயர். அப்பாவுக்கும் சேர்த்து அவள் பேசுவாள். மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"நல்ல கூத்து. சைக்கிள் மேல ஆளு போனது போயி ஆளு மேல சைக்கிள் வருது."

சார் அதைக் கேட்காத மாதிரி, "தண்ணி கிடைக்குமாங்க?" என்றார். அம்மா ஒரு செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அதை வாங்கி டயரில் ஊற்றினார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் குடிக்க இன்னொரு செம்பு கொண்டுவந்தேன்.

சக்கரம் சுற்ற ஆறு வாளித் தண்ணீர் ஆனது. கால் கழுவாமல், முகம் கழுவாமல், ஒவ்வொரு பட்டனாக ஈர்க்குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் கனகலட்சுமி அம்மாவிடமிருந்து எனக்குப் போன் வந்தது. சார் போனை எடுக்கவில்லையாம்; அந்தப் பாதையில்தான் என் ஊர் என்று அந்த அம்மாவுக்குத் தெரியும்.

"ஆளு நல்லா இருக்காராம்மா?"

"நல்லா இருக்காருங்க. சைக்கிள் கழுவுறாரு."

"வீட்ல ஒரு டம்ளர் கழுவுனதில்ல" என்றார். பிறகு அவரிடம் கொடுக்கச் சொன்னார். சார் சௌராஷ்டிரத்தில் பேசினார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் நடுநடுவே 'மட்கார்டு', 'மட்கார்டு' என்று வந்ததால் என்ன பேசினார் என்று புரிந்தது.

நான் எதிர்பார்க்காதது அதற்குப் பிறகு நடந்தது. கழுவி முடித்த டயரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தார். ஓரப் பட்டன்களைத் தடவினார்.

"காத்து கம்மியா இருக்கே?"

"கம்மியாத்தான் வைக்கணும்ண்ணே. அப்பத்தான் கல்லு மேல ஏறுறப்ப உள்வாங்கும்."

"டிராக்டருக்கும் அப்படித்தேன். உழவுல எறக்குறப்ப நான் காத்தக் கொறைப்பேன். பேச்சக் கேக்க மாட்டாய்ங்க எவனும். கல்லு மாதிரி அடிச்சிக்கிட்டு வந்து வரப்ப ஒடைப்பாய்ங்க."

"எவனுக்குண்ணே தெரியுது?"

"ஒருத்தனுக்கும் தெரியாது."

ஆறு வருடத்தில் சார் ஒரு மனிதரின் பேச்சுக்கு மூக்கில் காற்று விடாமல் இருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். டயர் தெரியாதவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது: ஊர் டிராக்டர்காரர்கள், ராஜகுரு, ஆண்டிச்சாமி, வேளாண்மை ஆபீஸில் இருக்கிறவர்கள். என்னையும் அதில் சேர்த்திருப்பார்கள். நான் பக்கத்தில் இருந்ததால் விட்டுவிட்டார்கள். அம்மா ரசம் சோறும் அவித்த முட்டையும் போட்டாள். சார் சாப்பிட்டுவிட்டு, "ரசத்துல மிளகு தூக்கல்" என்றார். அம்மா உள்ளே போய்த் திரும்பி வரவேயில்லை.

பொழுது இறங்கும்போது தக்காளி ஏற்றிக்கொண்டு திருமங்கலம் போகிற குட்டியானை வேனில் சைக்கிளையும் சாரையும் ஏற்றிவிட்டோம். சார் அப்பாவின் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எதுவும் நடக்காதது போல் இருந்தார். செவ்வாய்க்கிழமை ராஜகுரு எனக்கு ஒரு செய்தியை அனுப்பினார். என் நம்பர் அவருக்கு எப்படிக் கிடைத்தது என்றால், கனகலட்சுமி அம்மா கொடுத்திருக்கிறார். சைக்கிள் குழுவில் சார் எழுதிப் போட்டிருந்த நீண்ட கட்டுரை அது. தலைப்பு, 'கரிசல் நிலத்தில் ஒரு சோதனை ஓட்டம்'. சேற்றில் நின்ற ஆளைக் காணோம். சோதனை செய்த ஆள் இருந்தார். கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'பாதை குறித்து உள்ளூர் நபர் ஒருவர் அளித்த தகவல் முழுமையாக இல்லாததால் திட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது.'

அந்த உள்ளூர் நபர் நான்தான்.

போனை எடுத்துக்கொண்டு நேராக அவர் மேஜைக்குப் போனேன்.

"சார், நான் போகாதீங்கன்னு சொன்னேன்ல? ஒட்டும்னு சொன்னேன்ல?"

படித்துக்கொண்டிருந்த கோப்பை மூடாமலே நிமிர்ந்தார். "சொன்னம்மா. இல்லைன்னு சொல்லல. எம்புட்டு ஒட்டும்னு சொல்லலையே."

அவர் கேலி செய்யவில்லை. அப்படித்தான் நம்பினார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை; இந்த மனிதரிடம் கோபப்படுவது வீண் செலவு என்ற ஒரு சலிப்பு. மூன்று வாரம் அலுவல் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு பிரிவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். அது இன்னும் யார் மேஜையிலோ கிடக்கிறது.

பிப்ரவரியில் மறுபடி கிளம்பினார். அதே மூன்று நாள், அதே பாதை. இந்தத் தடவை மட்கார்டுகளைக் கழற்றிவிட்டிருந்தார். காடு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிற மாசி மாதம். ஒரு துளிச் சேறு கிடையாது. கழற்ற வேண்டிய காலத்தில் மாட்டியிருந்தார், மாட்டினாலும் ஒன்றும் ஆகாத காலத்தில் கழற்றினார்.

ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். மூன்று நாளும் ஓட்டி முடித்தார். உசிலம்பட்டியிலிருந்து ராஜகுருவும் இன்னும் நான்கு பேரும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். கால்வாய்க் கரையில் வெட்டிப் போட்ட கருவேல முள் காய்ந்து கிடந்திருக்கிறது. சோழவந்தான் வருவதற்குள் அந்த ஐந்து பேருக்கும் சேர்த்துப் பதினோரு பஞ்சர். சாருக்கு ஒன்றுகூட இல்லை. முள் குத்தாமல் இல்லை. குத்திய இடமெல்லாம் வெள்ளைக் குழம்பு வந்து அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. அவர்கள் பஞ்சர் ஒட்டுவதற்காக அவர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ராஜகுருதான் இதை எனக்குச் சொன்னார். "மாமா திரும்பிக்கூடப் பாக்கலம்மா" என்றார். டயர் சரியான டயர்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்குக் கசக்கிறது, ஆனாலும் சரியான டயர்தான்.

திரும்பி வந்த அன்று அலுவலகத்தில் டயரிலிருந்து பிடுங்கிய முட்களை ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தார். முப்பத்திரண்டு முள். மனு கொடுக்க வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். யாராவது "என்ன சார் இது?" என்று கேட்டால் அன்றைக்கு அவர்கள் மனு கொஞ்சம் சீக்கிரம் நகரும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது அப்பா வாசலில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். யார் போன் வந்தாலும் இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிற மனிதர். அரை மணி நேரமாகப் பேசுகிறார் என்று அம்மா சொன்னாள்.

"ஞாயித்துக்கெழமையானா இதேன். ஒங்க ஆபீசரு."

போனை வைத்துவிட்டு அப்பா எழுந்து அவருடைய மொபெட்டைக் காட்டினார். பின் சக்கரத்தில் புதுப் பட்டன் டயர். ஊரில் இருந்து கடைவீதி வரைக்கும் நல்ல தார் ரோடு. அதைத் தாண்டி அந்த மொபெட் எங்கும் போவதில்லை.

"இது எதுக்குப்பா? ரோட்டுல இழுக்குமே. பெட்ரோல் வேற கூடக் குடிக்கும்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். இருபத்தொன்பது வருடத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒனக்கு டயரப் பத்தி என்ன தெரியும்?" என்று சொல்லிவிட்டு மொபெட்டை மிதித்துக் கிளப்பினார்.